வாயசைப்பு

போன வருடம் அனுசுயா மகளிடம் ஒரு பொய் சொன்னாள். பள்ளி ஆண்டு விழாவுக்கு அவள் போகவே இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வந்தேன் கண்ணு, பின்னால நின்னு பாத்தேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். பிரியங்கா தலையாட்டினாள். பிள்ளை தலையாட்டினால் நம்பிவிட்டதாக நினைத்துக்கொள்வது பெற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! அனுசுயாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் பிரியங்கா மூன்றாம் வகுப்பு. சிஸ்டர்கள் நடத்துகிற அந்தத் தொடக்கப்பள்ளியில் பாட்டு வகுப்பு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் அனுசுயா அவளை அங்கே சேர்த்தாள். கீபோர்டு மாஸ்டர் மோகன்ராஜ் விழாவுக்காக மாதா பாட்டு ஒன்று சொல்லிக்கொடுத்தார். பிள்ளை குளிக்கும்போதும் சோறு தின்னும்போதும் அதையே பாடியது. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே போகும். பெற்றவள் காதுக்கு அதெல்லாம் எங்கே எட்டப்போகிறது?

விழா நெருங்க நெருங்க வீட்டில் பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது. தொண்டையைப் பத்திரப்படுத்துகிறாள் போல என்று அனுசுயா சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். பிள்ளை குடித்துவிட்டுக் கேட்டது.

"இந்தத் தடவை நெசமா வருவீங்களாம்மா?"

"நெசமா வர்றேன் கண்ணு."

அந்த 'நெசமா' எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

விழா அன்றைக்குப் பார்த்து ஷிப்மென்ட். சூப்பர்வைசர் செல்வக்குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, கன்டெய்னர் வாசல்ல நிக்குது. இப்பப் போயிப் பர்மிசன் கேக்கறீங்க?"

"பாட்டு முடிஞ்சதும் ஓடி வந்தர்றனுங்க சார். நாளைக்கு வேலைக்கு வேண்டாம்னாலும் சரிங்க, இன்னைக்கு நான் போயே ஆகோணும்."

எதிர்த்தே பேசாதவள் இப்படிச் சொன்னதும் அவர் அசந்துபோய் விட்டுவிட்டார்.

பள்ளியில் நாற்காலியெல்லாம் நிரம்பியிருந்தது. வாசல் கேட் பக்கம்தான் நிற்க இடம் கிடைத்தது. திரை விலகியபோது வெள்ளைக் கவுன் போட்டுக் கடைசி வரிசையில் நின்றாள் பிரியங்கா. அனுசுயா கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். மேடை விளக்கில் பிள்ளைக்குக் கண் கூசியிருக்க வேண்டும், திரும்பவே இல்லை. பாட்டு தொடங்கியது. எத்தனையோ குரல்களுக்கு நடுவே மெல்லிசாக ஒன்று. அதுதான் தன் மகள் குரல் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கண்ணீர் தானாக வந்தது.

பாட்டு முடிந்ததும் மோகன்ராஜ் டீ குடிக்க வெளியே வந்தார். அனுசுயா அவரிடம் ஓடினாள்.

"சார், என்ற புள்ள சத்தம் தனியாக் கேட்டுச்சுங்க. கடைசி வரிசைல நின்னாளே, பிரியங்கா."

"கடைசி வரிசைங்களா?" அவர் சிரித்துவிட்டார். "கேட்டிருக்க வழியே இல்லீங்களே! சுருதி சேராத புள்ளைங்க எல்லாம் அங்கதான். வாய மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கேன். பெரிய பெரிய ஃபாதருங்க வர்றாங்க, ஸ்டேஜு நெறஞ்சாப்ல இருக்கோணும் இல்லீங்களா?"

"பாட்டுச் சொல்லித் தர்றோம்னுதானுங்களே சேத்துக்கிட்டீங்க?"

"சொல்லித் தந்தா எல்லாருக்கும் வந்துருங்களா?" என்றபடி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

அனுசுயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாயைத் திறந்துகொண்டே ஊமையாக நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் பாட்டு வகுப்பு! உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கன்டெய்னர் நிற்கிறதே. பஸ் ஏறினாள்.

கம்பெனியில் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே ஒன்றை மட்டும் முடிவு செய்தாள். மாஸ்டர் சொன்னது தனக்குத் தெரியும் என்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அந்த அவமானத்தை அம்மாவும் பார்த்துவிட்டாள் என்று அது ஏன் குறுகிப்போக வேண்டும்?

அவள் வீட்டுக்கு வந்தபோது பிரியங்கா கவுனைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வந்தீங்களாம்மா?"

"வந்தேன் கண்ணு! முழுப் பாட்டும் கேட்டுட்டுத்தான் போனேன்."

"என் சத்தம் கேட்டுச்சா?"

"கேக்காம? உன்ற சத்தம்தான் தனியாக் கேட்டுச்சு."

பிள்ளை அவள் முகத்தையே பார்த்தது.

"நான் பாடவே இல்லீங்மா. சும்மா வாய மட்டும் அசைச்சேன். நீங்க வர்லதானே?"

அனுசுயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வந்தேன் சாமி, சத்தியமா வந்தேன்! கடைசி வரிசைல, வெள்ளக் கவுன் போட்டுட்டு..."

"ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல வீடியோ போட்டாங்க. அதுல பாத்திருப்பீங்க."

மாஸ்டர் அங்கே சொன்னதைச் சொன்னால், அம்மா வந்தது நிஜம்தான் என்று பிள்ளை நம்பும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால், தான் பாடவில்லை என்று தெரிந்துகொண்டேதான் அம்மா மெச்சினாள் என்றாகிவிடும். போன வருடப் பொய்யோடு இதுவும் ஒன்றாகச் சேரும்.

பிரியங்கா அழவில்லை. கவுனின் கொக்கியைக் கழற்றச் சொல்லி முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"பரவால்லீங்மா," என்றாள், பெரிய மனுஷிபோல. "வேலை இருந்திருக்கும்."