இரண்டு வான்டெலர்கள்

ஷார்ஜா ரோலாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அங்கே பில் போடும் மேசையில் இருந்தவள் ஜெனிற்றா, ஐரோப்பிய வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மட்டக்களப்புப் பறங்கிப் பெண். ஒருநாள் கண்ணாடிக்கு ஓர்டர் கொடுக்க வந்தவனிடம் பெயரைக் கேட்டாள்.

"வான்டெலர்" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் சட்டையில் குத்தியிருந்த குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு விளையாடுகிறான் என்று நினைத்தாள். "அது என்ட பேர். உங்கட பேரச் சொல்லுங்க."

"என்ட பேரும் அதுதான். மேர்வின் வான்டெலர், திருகோணமலை" என்று அவன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

மேர்வினுக்கு ருவைஸில் எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன் வேலை. பவர் வைத்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டுமென்று வந்தவன், அது தயாரான பிறகும் ஃப்ரேம் இறுக்குது, மூக்கில் வழுக்குது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு, ஓஃப் நாள் கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்தான். அங்கிருந்து ரோலாவுக்கு வரவே பாதி நாள் போய்விடும். மூக்குக்காக ஒருவன் அவ்வளவு தூரம் வரமாட்டான் என்பது கடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, கலியாணம் கட்டுவமா என்று அவன் கேட்டான். அவள் ஓம் என்றாள்.

சிக்கல் மட்டக்களப்பில் இருந்து வந்தது. மாப்பிள்ளையின் முழுப்பெயரைச் சொன்னதும் ஃபோனின் மறுபக்கத்தில் அம்மா அசுந்தா திடுக்கிட்டுப் போனாள்.

"என்ன பேர்? திருப்பிச் சொல்லு."

சொன்னாள்.

"மாதாவே! அவன் உனக்கு அண்ணன் முறையெல்லா, புள்ள!"

வான்டெலர் குடும்பத்தில் எல்லாரும் ஒரே கதையைச் சொல்லித்தான் வளர்ந்தார்கள். டச்சுக்காரரான ஒல்லாந்தர் இலங்கையை ஆண்ட காலத்தில் கோர்ணேலிஸ் வான்டெலர் என்றொரு வியாபாரி கப்பலில் வந்து திருகோணமலையில் இறங்கினான். பாக்கும் புடவையும் வாங்கி விற்றான், பெரிய வளவு வாங்கி வீடு கட்டினான், ஊர்ப்பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். இலங்கையில் அந்தப் பெயரோடு இருக்கிற அத்தனை பேரும் அவனுடைய ஆண்வழி வாரிசுகள். அப்படியென்றால் மேர்வினும் ஜெனிற்றாவும் தகப்பன் வழியில் ஒரே இரத்தம். எத்தனை தலைமுறை தாண்டினாலும் பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள்.

ஷார்ஜாக் கோயில் ஃபாதரிடம் கேட்டார்கள். இவ்வளவு தூரத்து உறவைத் திருச்சபை தடையாகப் பார்ப்பதில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னபோது, "ஃபாதருக்கென்ன, அவருக்குப் புள்ளயா குட்டியா? ஊர் சிரிக்கிறது எனக்கெல்லா கேக்கும்" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அம்மாவோடு சண்டை பிடிப்பது ஜெனிற்றாவுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த முறை அந்தப் பேச்சு உள்ளே போய்த் தங்கிவிட்டது. ரூமில் கட்டிலில் படுத்துக்கொண்டு மேர்வினின் படத்தைப் பார்ப்பாள். அந்த நெற்றி அண்ணன் கிறேசியனுடையது போல இருக்கிறதா? காது? சிரிப்பு? ஒருநாள் ரோட்டைக் கடக்கும்போது அவன் கையைப் பிடித்தான். யோசிக்கும் முன்பே அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னை அப்பிடிப் பாக்காதேயும்" என்றான் மேர்வின்.

அன்றே அவன் மெல்பேர்னில் இருக்கும் தன் அத்தை ஹேசலுக்கு ஃபோன் பண்ணினான். ஓய்வுபெற்ற பிறகு குடும்ப வரலாறு தேடுவதே ஹேசலுக்கு முழுநேர வேலை. அவள் ஒரு வழி சொன்னாள். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற மரபணுக்கூறு ஒன்று உடம்பில் உண்டு. அதைச் சோதித்தால் இரண்டு ஆண்கள் ஒரே வேரா இல்லையா என்று தெரிந்துவிடும். பெண்ணுக்கு அது கிடையாது. ஆகவே ஜெனிற்றாவுக்குப் பதிலாக அவள் அண்ணன் கன்ன எச்சில் கொடுக்க வேண்டும்.

கிறேசியன் சவூதியில், ஜுபைலில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டதும், "பேய்க்கதை கதைக்காத. எங்கட பேர எச்சிலக் குடுத்தா நிரூபிக்கணும்?" என்று பாய்ந்தான். லீவில் ஊருக்குப் போகும் வழியில் தங்கச்சியைப் பார்க்க ஷார்ஜாவில் இறங்கினான். மூவரும் ஒரு கஃபட்டீரியாவில் உட்கார்ந்தார்கள். மேர்வின் தேத்தண்ணி எடுக்க எழுந்து போனபோது, கிறேசியன் அந்த வெளிறிய பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வெயிலில் கருத்த தன் கையைப் பார்த்தான்.

"ஜெனி, வேலைக் கேம்பில என்ன எல்லாரும் டச்சுக்காரன் எண்டுதான் கூப்பிடுறவங்க. நாந்தான் அப்பிடிச் சொல்லி வச்சிருக்கன்." கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "நாங்க அந்தக் கோர்ணேலிஸ்ட ஆக்கள் இல்ல எண்டு வந்தா?"

"வந்தா எனக்குக் கலியாணம் நடக்கும், அண்ணா."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "சரி, கொண்டா அந்தக் குச்சிய" என்று பஞ்சுக் குச்சியை வாங்கிக் கன்னத்துக்குள் விட்டு, ஏதோ கோபத்தைத் தீர்ப்பது போல உரசிக் கொடுத்தான்.

முடிவு வந்த அன்று மேர்வின் சொல்லாமல் கொள்ளாமல் கடை வாசலில் வந்து நின்றான். அவன் முகத்தைக் கண்டதும் ஜெனிற்றா பில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள். ரோலா பூங்காவுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

"நாங்க ஒரே வழி இல்ல" என்றான்.

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. "என்ன?"

"இல்லையாம். என்ட வழி ஒல்லாந்துப் பக்கம் போகுது. உம்மட தமையன்ட வழி எங்கட பக்கந்தான், இலங்கை, தென்னிந்தியா. ரெண்டும் கிட்டவும் இல்ல."

ஜெனிற்றா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் மார்பில் இருந்த பாரம் இறங்கி, மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்த மூச்சு தாராளமாக வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எங்களுக்கு இந்தப் பேர் எப்பிடி வந்தது?" என்று கேட்டாள்.

"ஹேசல் அத்தை நினைக்கிறதச் சொல்லுறன். நிச்சயம் இல்ல." அவன் தயங்கினான். "வியாபாரிமார் வீட்டு வேலைக்கு அடிமை வச்சிருந்தவங்கள். ஞானஸ்நானம் குடுத்து விடுதலையாக்கேக்க எசமான்ட பேரே அவங்களுக்கு வாறதுண்டாம். அப்பிடித்தான் இருக்கவேணும். என்ட ஆள் உம்மட ஆளை விலைக்கு வாங்கினவன், ஜெனிற்றா. இதச் சொல்லத்தான் பஸ்ஸில வழியெல்லாம் பயந்து வந்தனான்."

சுவரில் மாட்டிய படம் மாதிரி அவள் வீட்டார் மனத்தில் வைத்திருந்த தொப்பிக்கார வியாபாரி போய்விட்டான். அந்த இடத்தில் முகம் தெரியாத அடிமை ஒருவன் நின்றான். அவன்மேல் பாசமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் இருந்தவன்மேல் வெறுப்பு வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"நீங்க வாங்கல்லயே" என்று அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை அவள் கை தானாகவே போயிற்று.

கிறேசியனுக்குச் செய்தி சொன்னாள். "கலாஸ், முடிஞ்சுது. கேம்பில ஆருக்கும் சொல்லாத, அது போதும்" என்றான். அம்மாவிடம் சொல்வதற்குத்தான் அவள் பயந்தாள். மேர்வினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள், அடிமை என்ற சொல் உட்பட.

மறுபக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அம்மா அழுகிறாள் என்று நினைத்தாள். இல்லை. அசுந்தா சிரித்துக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அம்மா, என்ன?"

"உங்கட அப்பாட தாய்க்காரி, என்ட மாமி, நான் கலியாணம் முடிச்சு வந்த நாள் தொடக்கம் என்னப் பின்கதவாலதான் உள்ள எடுத்தவ, புள்ள. கறுப்பியாம். மீன்காரன்ட மகளாம். வெள்ளக்காரன்ட வளவுக்கு நான் காணாதாம். மறுகா பாத்தா, அவ கட்டின குடும்பமும் என்னப் போலதானா!"

"அப்ப ஏன்ம்மா இந்தப் பேர இப்பிடிப் புடிச்சுக்கொண்டு நிண்டீங்க?"

சிரிப்பு அடங்கியது. "அவ்வளவு பேச்சுக் கேட்டு வாங்கின பேரெல்லா. அது பெரிசில்ல எண்டு விட்டா, நான் பட்டதெல்லாம் சும்மா போயிருமெண்டு நினச்சன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப சுகமா இரிக்கி புள்ள. மெய்யா, சுகமா இரிக்கி. அந்தப் பொடியன் பக்கத்திலயா? அவருட்டக் குடு."

மேர்வின் எழுந்து நின்று ஃபோனை வாங்கினான். தாயார் சுகமா, லீவு கிடைக்குமா, அவன் ஆட்டிறைச்சி சாப்பிடுவானா என்றெல்லாம் அவள் கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்பு ஜெனிற்றா ஃபாதரிடம் போய், இறந்த ஒருவருக்காக மன்றாட வேண்டும் என்றாள்.

"பேர் என்ன?"

"அவருக்குத் தாய் வச்ச பேர் தெரியாது, ஃபாதர். எங்கட முன்னோர் ஒருத்தர்."

"இறைவனுக்குத் தெரியும்" என்று அவர் தலையசைத்தார்.

மேர்வின் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தான். பூசை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேருக்கும் நல்ல பசி. பரோட்டாக் கடைக்குப் போய், ஒருவர் தட்டில் இருந்து மற்றவர் பிய்த்து, வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.