கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை

எனக்கு வாய் சும்மா இருக்காது. அதனால்தான் இத்தனை வம்பும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு ஒயர் செட் செய்கிற கம்பெனி எங்களுடையது. பிளாஸ்டிக் கனெக்டரில் ஒயரைச் சொருகி, அது 'டிக்'கென்று உள்ளே உட்கார வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் பக்கத்து சீட்டு ஜோதிலட்சுமி அக்கா. அவள் கணவர் தணிகாசலம் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடக்கிறார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

கோடையில் எங்கள் தலையில் கேமரா வைத்த தொப்பியை மாட்டினார்கள். நாங்கள் வேலை செய்வதைப் பார்த்து இயந்திரக் கை ஒன்று பழகுமாம். எங்கள் கையை வைத்தே எங்கள் கண்ணைக் குத்துகிற கதை. அன்றிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. இனிமேல் குழம்பு வைக்க ஒரு கை, பிள்ளைக்குத் தலை வார ஒரு கை என்று வந்துவிடும், நாம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே வெங்காயம் நறுக்கி விரலை வெட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குடி இப்டி பேஜாராவுற? மெசினுக்குக் கை வரும், நம்ம பக்குவம் வருமா?" என்பாள் அக்கா.

மழைக்காலத்தில் அந்தக் கை வந்து இறங்கியது. அக்காவின் சீட்டுக்கு எதிரிலேயே நிறுத்தினார்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் முதலில் போவது அவள் சீட்டுதான் என்று சூப்பர்வைசர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்கு மத்தியானச் சோற்றை அப்படியே மூடி வைத்தாள்.

சுவிட்சைப் போட்டார்கள். கை கனெக்டரை எடுத்தது, ஒயரைச் சொருகியது. பிறகு பீஸை மேலே தூக்கி, ஆள் முகம் இருக்கும் உயரத்தில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நிறுத்திவிட்டுக் கீழே இறக்கியது. அடுத்த பீஸுக்கும் அதே கூத்து.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைக்காரர் போணிக் காசை ஒற்றிக்கொள்வதுபோல, ஷிப்டின் முதல் பீஸை அக்கா கண்ணில் ஒற்றிக்கொள்வாள். லைனில் பாதிப் பேர் அப்படித்தான். கேமராவுக்குப் பேட்டரி மாற்றத் தொப்பியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம், புதிதாகத் தொடங்குகிறோமே என்று மறுபடியும் ஒற்றிக்கொண்டார்கள். எது வேலை, எது பக்தி என்று அந்தக் கைக்கு யார் சொன்னது?

இன்ஜினியர் பூமிகா வந்தாள். சின்னப் பெண். "இப்டித் தூக்கிக் காட்டறது எதுக்குக்கா? தேவையில்லன்னா எடுத்துடறேன். இதாலதான் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்றாள்.

ஸ்லோவாகவே இருந்தால் அந்தக் கையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஐயோ, அத எடுத்துடாதீங்க மேடம். அது செக்கிங்கு. ஒயரு முழுசா உள்ள போச்சானு கண்ணுக்குக் கிட்ட வெச்சிப் பாத்துக்குனுதான் அனுப்புவோம்."

நானோ சர்ச்சுக்குப் போகிறவள். ஒரு பீஸையும் கண்ணில் ஒற்றியதில்லை. ஆனாலும் லைன் மொத்தமும் என்னோடு தலையாட்டியது. அன்று சாயந்திரம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் எல்லோருக்கும் நானே போண்டா வாங்கிக் கொடுத்தேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

பூமிகா நான் சொன்னதை அப்படியே நம்பினாள். கண்ணுக்குக் கிட்ட என்றால் அங்கே கண் வேண்டாமா? கை பீஸைத் தூக்கி நிறுத்துகிற இடத்தில் ஒரு குட்டிக் கேமராவைப் பொருத்தினாள். நாங்கள் செய்து முடித்த ஒரு பெட்டியை அதற்குக் கொடுத்தாள். அரைகுறையாக உட்கார்ந்த ஒயர்களை அது பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் போட்டது. அதில் என் பீஸும் இருந்தது, அக்கா பீஸும் இருந்தது. மேனேஜர்கள் கூடிவிட்டார்கள். மெதுவாகச் செய்தால் என்ன, ஓயாமல் ஓட்டிக்கொள்ளலாம், கார் கம்பெனியிலிருந்து ஒரு பீஸும் திரும்பி வராது என்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் பூமிகா என் தோளைத் தொட்டாள். "ஷைனியக்கா சொன்ன பாயின்ட்டாலதான் இது பாஸாச்சு." மேனேஜர்கள் கைதட்டினார்கள். ஜோதிலட்சுமிக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்று கைதட்டல் ஓயுமுன்பே சூப்பர்வைசர் சொன்னார்.

கம்பெனி பஸ்ஸில் அக்கா வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். "நீ நல்லதுக்குத்தான சொன்ன, உடு" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "உங்க ஊருல நடவுக்கு ஆள் எடுக்குறாங்களாடி? சின்ன வயசுல எங்கம்மாகூட நட்டுக்குனு இருந்தேன். அதெல்லாம் மறந்தா பூடும்?"

எங்கள் ஊரில் போன வருஷத்திலிருந்து நடவுக்கும் மெஷின்தான். ஒருத்தன் ஏறி உட்கார்ந்து ஓட்டினால் முழு வயலும் காலையிலேயே முடிந்துவிடுகிறது.

"கேட்டுச் சொல்றேன்கா" என்றேன்.