வெள்ளிக்கிழமைப் பிள்ளை

கரண்டியில் ஊட்டிய கஞ்சி உள்ளே போகவில்லை. கடைவாயில் தேங்கி, கன்னத்தில் வழிந்து, தலையணையை நனைத்தது. நல்லம்மாள் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் கரண்டியை நீட்டினாள்.

"ஒரே ஒரு வாய்தான்ப்பா. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் தெம்பா இருக்கணும்லா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெற்ற தகப்பனிடம் நூறு வருஷம் இருங்கள் என்று கேட்காமல், நாளைக் காலை பத்து மணிவரை இருங்கள் என்று கேட்கிற மகள் உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா? அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டுதல் மாறவில்லை. நாளை ஈப்போ பதிவு அலுவலகத்தில், அதிகாரி முன்னால், அப்பா சன்னாசி ஒரு சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எமன் வரட்டும்.

இன்றே தூக்கிக்கொண்டு போகலாமென்றால் நாடே விடுமுறை. ஆகஸ்டு முப்பத்தொன்று, மெர்டேக்கா என்கிற சுதந்திர நாள். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் மிச்சமிருந்த பத்து லயத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, பக்கத்து வீட்டு உடையப்பனின் டிவியில் அணிவகுப்பு முழங்கிக்கொண்டிருந்தது.

அவள் பிறந்ததும் இதே நாளில்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், நாடு சுதந்திரம் வாங்கிப் புதுச் சட்டம் நடப்புக்கு வந்த சனிக்கிழமை, விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது. அன்றும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் விழுந்த பிள்ளை, அப்பன் ஆத்தாள் எந்த ஊர்க்காரர்களானாலும், இந்த நாட்டுப் பிரஜை என்றது அந்தச் சட்டம். விண்ணப்பம் வேண்டாம், பரீட்சை வேண்டாம். பிறந்தால் போதும்.

சன்னாசிக்குச் சட்டம் தெரியாது, பஞ்சாங்கம் தெரியும். பொழுது விடிந்தால்தானே மறுநாள்? விடியுமுன் பிறந்தது வெள்ளிக்கிழமைக் கணக்கு. அதிலும் வெள்ளிக்கிழமைப் பெண் என்றால் மகாலட்சுமி, அதை எந்த அப்பன் விட்டுக்கொடுப்பான்? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கேட்டபோது மீசையைத் தடவிக்கொண்டு, "வெள்ளிக்கெழமைங்க" என்றார். கிராணி காலண்டரைப் பார்த்துப் பிறப்புப் பதிவில் முப்பது என்று எழுதினார். நாள் செய்வது நல்லார் செய்யார் என்பார்கள். அந்த நாள் செய்ததைப் பொல்லாதவன்கூடச் செய்திருக்க மாட்டான்.

பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகளுக்குப் பிரஜைக்கான அடையாள அட்டை, நீல ஐசி வந்தது, அவளுக்குச் சிவப்பு. இருந்துகொள், உரிமை கேட்காதே என்கிற அட்டை. வேலைக்கு வருஷா வருஷம் பெர்மிட். பிரஜையாக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டு ஏழு வருஷமாகப் பதில் இல்லை. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் ரேடியோவுக்குக் கம்பி பற்றவைத்தவளிடம், இந்த மாதத்தோடு பெர்மிட் முடிகிறது, நீல ஐசி இல்லாமல் இனி வராதே என்றுவிட்டார்கள். அம்மாவும் மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. அந்த விடிகாலைக்கு மிஞ்சிய சாட்சி சன்னாசி ஒருவர்தான். பதிவு அதிகாரி நல்ல மனிதர். அப்பாவைக் கூட்டி வா, சத்தியம் செய்யட்டும், தேதியைத் திருத்தப் பார்க்கலாம் என்று, தட்டச்சடித்த சத்தியத் தாளையும் கொடுத்துப் புதன்கிழமையைக் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் சன்னாசி விழுந்தார். பக்கவாதம். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சன்னாசியின் உதடு அசைந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயிலிருந்து சொல் குழறி வந்தது.

"நல்லா... நாந்தான்... வெள்ளி..."

"பேசாதீங்கப்பா. இருக்கிற சத்தத்தை வீணாக்காதீங்க. நாளைக்கு ஆபீசர்கிட்ட பேசிக்கலாம்."

அவர் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல வாயை மூடிக்கொண்டார். கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நடுப்பகலில், அடுத்த வேளைக் கஞ்சியோடு அவள் வந்தபோது, பார்வை அவள்மேல் இல்லை.

அவள் போட்ட கூச்சலில் உடையப்பனும் அவர் மனைவி செல்லாயியும் ஓடிவந்தார்கள். உடையப்பன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த சத்தியப் பேப்பரு எங்க? ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு. கட்டவெரல வெச்சு எடுத்துருவோம்லா. எவனுக்குத் தெரியப்போவுது?"

நல்லம்மாள் எழுந்துபோய், பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்தாள். உடையப்பன் வீட்டிலிருந்து மைக்கூடும் வந்தது. அப்பாவின் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் பால்வெட்டுக் கத்தி பிடித்து ரேகை தேய்ந்துபோன கட்டைவிரல். அதை மைவரைக்கும் கொண்டுபோனாள்.

"ஆபீசர், அப்பா எங்கேன்னு கேப்பாருண்ணே. என்ன சொல்ல?"

உடையப்பன் மைக்கூட்டை மூடினார்.

பேசாதீங்கப்பா என்று எப்படி அந்த வாயால் சொன்னாள்? இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாரே. அவருக்கு மிஞ்சியதே இரண்டு வார்த்தைதானே. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழுகை வரவில்லை.

"குடு தாயி" என்று செல்லாயி அவள் மடியிலிருந்த கையை வாங்கினாள். வேட்டிக் கரையைக் கிழித்து, இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். பிறகு கால் பக்கம் போனாள்.

சவம் எடுக்க போலீஸ் பெர்மிட் வேண்டும், சொந்தக்காரர்தான் போய்ச் சொல்ல வேண்டும். உடையப்பனின் மோட்டார் சைக்கிளில் செமோர் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். வாசல் முழுக்கக் காகிதக் கொடிகள். விடுமுறை நாளில் மேசைக்கு மாட்டிக்கொண்ட மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் தாளை எடுத்து, இறந்தவர் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார். என்றைக்கு இறந்தார் என்று கேட்டார்.

"ஹாரி இனி, என்சேக்" என்றாள், இன்றைக்குத்தான் ஐயா என்று. பிறகு தேதியையும் சொன்னாள். முப்பத்தொன்று.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். யார் பார்த்தது, சாட்சி எங்கே, எந்த அதிகாரி முன்னால் சத்தியம் செய்வாய் என்று கேட்கப்போகிறார்.

அவர் கேட்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தாமல் 31 என்று எழுதினார். அதற்குக் கீழே, தகவல் சொன்னவர் என்ற இடத்தில், சிவப்பு ஐசியைப் பார்த்து அவள் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினார். முத்திரை குத்தினார். மை காய ஊதிவிட்டுத் தாளை நீட்டினார்.

"போலாமா?" என்றார் உடையப்பன்.

நல்லம்மாள் அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.