கேட்டில் சொல்லாத ஆள்

கழுத்தில் கொக்கி இறங்கிச் செத்துப்போன அய்யாக்குட்டி மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனான். வாசலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். 1943ஆம் வருஷம் அது. தூத்துக்குடியில் அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சாவுக்கு மட்டும் அதுவரை தட்டுப்பாடு வந்ததில்லை. அவன் பெண்டாட்டி சுடலைமாடத்தி விரித்த தலையோடு பின்னாலேயே ஓடினாள். பழைய துறைமுகத்தில் கொம்பையா முதலாளியின் தோணி பஞ்சுப் பொதிக்குக் காத்துக் கிடந்தது. அய்யாக்குட்டி குனிந்து பொதியை முதுகில் வாங்கினான். கழுத்து ரத்தம் வடிந்து பொதி நனைந்தது. சரக்கு கறைபடுகிறதே என்று கணக்குப்பிள்ளை ஒரு சாக்கை எடுத்து அவன் தோளில் போட்டார்.

நடந்தது இதுதான். யுத்த காலம் என்பதால் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டிருந்தது. புதிதாக ஆள் சேர்க்கிற முதலாளி அந்த ஆளைத் தானே துறைமுகக் கேட்டுக்குக் கூட்டிவந்து, தோளில் கை வைத்து, ஆபீசர் காதுபடப் பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவன் வேலைக்காரன். கொம்பையா ஒருத்தனையும் சொல்லவில்லை. சொன்னால் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு, ரேஷன் அரிசி என்று ஆயிரம் தொல்லை. ஆட்களும் சொல்ல வேண்டாம் என்றே அவன் காலைப் பிடித்தார்கள். பேர் கொடுத்தவனையெல்லாம் பர்மாச் சண்டைக்குக் கப்பலேற்றுகிறார்கள் என்று ஒரு புரளி. உடன்குடிப் பக்கம் பனையேறிவிட்டு அப்போதுதான் துறைமுகத்துக்கு வந்த அய்யாக்குட்டியிடம், பேர் கொடுக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கியவள் சுடலைமாடத்திதான். மற்ற முதலாளிகளின் ஆட்கள் பர்மாவுக்கும் போகவில்லை, அரிசியும் வாங்குகிறார்கள் என்று கண்டதும், போய்க் கேளும் என்று தூண்டிவிட்டவளும் அவள்தான். அவன் போய்க் கேட்டான். கொம்பையா மேஸ்திரி அற்புதமணியைத் திரும்பிப் பார்த்தான். பொதி தூக்குகிற கொக்கி அற்புதமணி கையிலேயே இருந்தது.

செத்தவன் சம்பாதித்துக் கொண்டுவருகிறானே, இதில் என்ன கஷ்டம் என்று தெருவில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் வாயில் மண்ணைப் போட வேண்டும். அய்யாக்குட்டிக்குச் சாவு வந்துவிட்டது, ஆனால் முடியவில்லை. கொக்கி இறங்கிய அந்த நேரம் அவனுக்குள் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது. தொண்டை கிழிந்ததால் சத்தம் வராது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக் கழுத்து ஓட்டையில் வைத்து அழுத்திக்கொள்வான். உடம்பு உதறும், கண்ணில் தண்ணீர் ஊற்றும். அவள் ஒரு தடவை அவனைக் குழிவெட்டிப் புதைத்தும் பார்த்தாள். காலையில் தலைமுடி நிறைய மணலோடு எழுந்து துறைமுகச் சங்கு ஊதுவதற்கு முன்னால் வேலைக்குப் போய்விட்டான். இந்த மனுஷன் முழுசாகச் சாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை. அதை நினைக்கிறோமே என்று அவள் அழாத நாளுமில்லை.

கேட்டுக்குப் போய் ஆபீசரிடம் முறையிட்டாள். அவர் நல்ல மனுஷர்தான், சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார்.

“முதலாளி வந்து சொல்லாத ஆளு வேலையிலயே சேரலம்மா. சேராதவன எப்படிம்மா நான் செத்தான்னு அனுப்புவேன்?”

கொம்பையாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அப்படி ஒரு ஆளே தன்னிடம் இல்லை என்று அவன் சொன்னான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் அய்யாக்குட்டி பொதியோடு நடந்து போனான். கொம்பையாவும் திரும்பினான், மூன்று பேரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கொம்பையாவுக்குப் புத்தி வேறு பக்கம் வேலை செய்தது. செத்தவனுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கோவில் கொடைவிழாவுக்கு லீவு வேண்டாம். அவனிடம் சுமை தூக்கிய புன்னைக்காயல் ஜேசுதாசன் தோணிக்கும் சரக்கு இறக்குகிற பாலத்துக்கும் நடுவில் நசுங்கினான், மறுநாள் விலா எலும்பு வெளியே துருத்திக்கொண்டு வந்து நின்றான். அது விபத்து. அடுத்தவை விபத்தில்லை. முணுமுணுத்தவன், இருமியவன், அரை நாள் கேட்டவன் எல்லாரையும் அற்புதமணி கொக்கியாலும் துடுப்பாலும் சாய்த்தான். மூழ்கியவர்கள் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக மூட்டை சுமந்தார்கள். காக்கைகள் பாலத்தைவிட்டுப் போகவே மறுத்தன. ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்கும் பழகிவிட்டது.

கொம்பையாவிடம் உயிரோடு மிச்சமிருந்தவர்கள் பழகவில்லை. அடுத்த அடி தனக்குத்தான் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் பஞ்சு அடுக்கிய கிட்டங்கிக்குத் தீ வைத்தார்கள். மறித்த அற்புதமணி மண்டையில் துடுப்பு விழுந்தது. அவன் மட்டும் முறைப்படி கேட்டில் பேர் சொல்லப்பட்ட ஆள். அதனால் ஒரே அடியில் செத்தான், மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கொம்பையாவைத் தேடியது. உப்பு மூட்டைகளுக்கு நடுவில் பதுங்கியிருந்தவனை வெளியே இழுத்தபோது, அவனுக்கு முன்னால், புருஷன் பனையில் பாளை சீவிய அரிவாளோடு வந்து நின்றவள் சுடலைமாடத்தி. முதலில் பாய்ந்தவன் புருஷனோடு கூடப்பிறந்த அவள் மைத்துனன். அவன் முன்னங்கையில் எலும்பு தெரிய வெட்டினாள்.

“இவனக் கொன்னுட்டா எங்க வீட்டு ஆள எவம்ல சாகடிப்பான்? கேட்டுல சொல்லி முடிக்கட்டும். பொறவு நான் நவுந்துக்கிடுதேன்.”

கொம்பையாவின் வேட்டி முடிச்சைப் பிடித்துக் கேட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் கல் விழுந்தது. அவனுக்கு ஒரு கண் போயிற்று, அவளுக்கு நெற்றி பிளந்தது. புருஷனைக் கொன்றவன் உயிருக்குத் தன் உடம்பையே மறைப்பாகக் கொடுத்துக்கொண்டு போனாள் அவள். ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். செத்த ஆட்கள் சுமையை இறக்கிவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

கொம்பையாவுக்கு ஒருத்தன் பேரும் தெரியவில்லை. அத்தனை பேரையும் ஏலே என்றே கூப்பிட்டு வேலை வாங்கியிருந்தான். அதனால் ஒவ்வொருவனும் தன் பேரைத் தானே சொன்னான். கொம்பையா கையைத் தோளில் வைத்துத் திருப்பிச் சொன்னான். ஆபீசர் தலையசைத்ததும் ஆள் அப்படியே சரிந்தான். ஜேசுதாசன் சிலுவை போட்டுக்கொண்டு விழுந்தான். கடைசியாக அய்யாக்குட்டி வந்து நின்றான். அவன் வாயைத் திறந்தான், கழுத்து ஓட்டை வழியாகக் காற்று மட்டும் வந்தது. கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால், பனையேறி என்றுதான் தெரியும் என்றார்கள். வெட்டுப்பட்ட மைத்துனனை அதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். பேர் இல்லாமல் முடியாது என்று ஆபீசர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

எல்லாரும் சுடலைமாடத்தியைப் பார்த்தார்கள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமான நாள் முதல் அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. அந்தப் பேருள்ள பக்கத்து வீட்டுப் பையனைக்கூடப் பெரியவனே என்றுதான் கூப்பிடுவாள். அவள் அரிவாளைக் கீழே போட்டாள். கிட்டே போய் ஒரு கையால் அவன் கழுத்து ஓட்டையைப் பொத்தினாள்.

“அய்யாக்குட்டி” என்றாள். கொம்பையாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று, “அய்யாக்குட்டி” என்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

கொம்பையா திருப்பிச் சொன்னான். ஆபீசர் தலையசைத்தார். அவள் கைக்கடியில் ரத்தம் நின்றது. அவன் முகம் தூங்குகிறவன் முகம்போல ஆயிற்று. அவனை மடியில் சாய்த்து வாங்கிக்கொண்டு, கொம்பையாவைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள் சுடலைமாடத்தி. கூட்டம் உள்ளே வந்தது. ஆபீசர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு தூத்துக்குடித் துறைமுகத்தில் எந்த முதலாளியும் புது ஆளைக் கேட்டுக்குக் கூட்டிவராமல் சுமை தூக்கவிட்டதில்லை. ஆளோடு அவன் பெண்டாட்டியும் வந்து நின்று, ஆபீசர் காதுபடப் பேரைத் தன் வாயால் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதனால் எந்தப் புருஷனுக்கும் ஆயுசு குறைந்ததாகத் தெரியவில்லை.