ஆறு ஓட்டை ரிம்

பின்சக்கர ரிம் விரிசல் விட்டதால், தச்சரின் பழைய பிக்கப் வண்டி எதிர்வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஜாக்கியில் நின்றது. எதிர்வீட்டுக்காரர் கார் சாவியோடு காத்திருந்தார்.

தச்சரின் மச்சான் பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு ரிம் வாங்கி வந்தான். அதில் ஐந்து ஓட்டை. வண்டியிலோ ஆறு போல்ட். மறுபடி ஓடிப்போய் ஆறு ஓட்டை ரிம் கொண்டுவந்தான். அதன் நடு ஓட்டை சின்னது, அச்சின் தலை நுழையவே இல்லை.

"இந்த வண்டி ரிம் இப்ப வர்றதே இல்லையாம் அத்தான். வண்டியையே எடைக்குப் போடச் சொல்றாங்க."

"கொஞ்சம் தள்ளியாவது நிறுத்துங்களேன்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மூணு சக்கரத்துல எப்படிங்க தள்ளுறது?" என்றார் தச்சர்.

எதிர்வீட்டுக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தச்சருக்கு.