ப்ளஸ் மூன்று

கீபோர்டை ஆன் செய்ததும் அக்காவின் விரல் தானாகப் போய் அந்தப் பொத்தானை மூன்று தடவை அழுத்தியது. சின்னத் திரையில் ப்ளஸ் மூன்று என்று விழுந்தது. கீழே டயர் கடை. சர்ச் வாலிபர் கூட்டம் நடக்கும் மாடி ஹாலில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் ரப்பர் வாடைதான் வரும். பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டுக் கழுத்து வலியோடு வந்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் அவள் இந்தப் படியேறத் தவறுவதில்லை. அவளுக்கு வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிக்க வரும். பாடுகிறவருடைய குரலுக்குத் தோதாகச் சுருதியை ஏற்றி இறக்கத்தான் அந்தப் பொத்தான். கீபோர்டை அணைத்தால் அது சைபருக்கு வந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். ப்ளஸ் மூன்று தங்கையின் சுருதி. தங்கை பாடுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

இப்போது பாடுகிறவள் ஒரு நர்ஸ். டூட்டி முடிந்து யூனிஃபார்மைப் பைக்குள் திணித்துக்கொண்டு நேராக ஓடி வருவாள். கனத்த குரல் அவளுக்கு, கீழே இருக்கும்போது அவ்வளவு இதமாக இருக்கும். பாட்டு 'நிழலே' என்று மேலேறி நிற்கும் இடம் வந்தால் மட்டும் கழுத்து நரம்பு புடைத்துவிடும். மைக்கைத் தள்ளிப் பிடித்து எப்படியோ சமாளிப்பாள்.

"அக்கா, இந்தப் பாட்ட மட்டும் கொஞ்சம் இறக்கி வாசிக்கலாமா? தொண்டை கட்டிக்குதுக்கா."

"பாடப் பாட சரியாயிடும்மா."

கிட்டார் வாசிக்கிற 'கொசு' தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது கட்டத்தில் சுருதி ஏற்றும் கிளிப்பை மாட்டினான். அது யாருடைய சுருதி என்று அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும்தான் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கூட்டத்தை நடத்துகிற ஆமென் அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வேன் பஞ்சர் என்று போனில் சொன்னவனிடமே ஆமென் என்றவர். அவர் போய் என்னத்தைக் கேட்கப் போகிறார்?

பாட்டு தங்கை கட்டியது, அதை அவள் சுருதியில் வாசிப்பதுதான் முறை என்று அக்கா தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தாள். சும்மா பேச்சு. சுருதியை இறக்கிவிட்டால் தங்கை திரும்பி வரும்போது நிற்க இடம் இருக்காது என்ற பயம்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குழு முழுக்க வராந்தாவில் நின்று பாடியது. தங்கைதான் முன்னால் நின்றாள். அம்மா எழுந்துவிடுவாள் என்று நம்பி, தொண்டை கிழியப் பாடினாள். அம்மா போய்விட்டாள். அடக்கத்தன்று எல்லோரும் பாட, தங்கை மட்டும் உதட்டைப் பிரிக்கவில்லை. முன்பெல்லாம் அவள் பாத்திரம் கழுவினால் பக்கத்து வீட்டுக்காரி, "ரேடியோவக் கொஞ்சம் குறைம்மா" என்று கிண்டல் செய்வாள். இப்போது குழாய்ச் சத்தம் மட்டும்தான். அந்தக் குரலைக் கேட்காமல் வீடு வீடாகவே இல்லை.

"சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போயேன்" என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நீ போக்கா. எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல" என்றாள் தங்கை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

கூட்டம் தொடங்கியபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. தங்கையின் பாட்டு பாதியில் இருக்கும்போது, பின்னால் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட நகர்ந்த ஆமென் அண்ணனின் கால் ஒயரில் மாட்டியது. கீபோர்டு செத்துவிட்டது. கிட்டாரும் கைத்தட்டலும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா குனிந்து ஒயரைச் சொருகினாள், விளக்கு வந்தது, விட்ட இடத்தைப் பிடிக்கிற அவசரத்தில் நேராகக் கட்டைகளில் கையை வைத்துவிட்டாள். பொத்தானை அழுத்தவில்லை.

கிட்டார் மேல் சுருதியில், கீபோர்டு கீழே. ஹாலே ஒரு விநாடி முகம் சுளித்தது. கொசு அவளைப் பார்த்தான், மறு நொடியே கிளிப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். நர்ஸ் தடுமாறி, கீழே இறங்கி, பாட்டைப் பிடித்துக்கொண்டாள். 'நிழலே' வந்தது. அவள் எக்கி ஏற வேண்டியிருக்கவில்லை. குரல் அப்படியே நிறைந்து நின்றது. இத்தனை நாள் வெறுமனே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவர்களும் அந்த வரியில் வாய்விட்டுப் பாடினார்கள்.

அக்காவின் விரல் பொத்தான்வரை போனது. அழுத்திவிடலாம், அடுத்த சரணத்துக்கு முன்னால் நேரம் இருந்தது. நர்ஸ் கண்ணை மூடியிருந்தாள், கழுத்து நரம்பு அடங்கியிருந்தது. அக்கா கையை எடுத்துக்கொண்டாள். தங்கையைத் தன் கையாலேயே வெளியே விட்டுக் கதவைச் சாத்தியதுபோல் இருந்தது. கண்ணீர் கட்டைகளின் மேல் விழுந்தது. பார்த்தவர்கள் ஆராதனையில் உருகுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டம் முடிந்து, கீபோர்டு பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினால், படி திரும்பும் இடத்தில் தங்கை நின்றிருந்தாள். ரெயின்கோட் போட்டு, கையில் இரண்டு ஹெல்மெட்டுகளோடு.

"மழைல இதத் தூக்கிட்டு நீ எப்படி பஸ் ஏறுவேன்னுதான் வந்தேன்."

"எப்ப வந்தே?"

"இப்பதான்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரெயின்கோட்டில் ஈரம் காய்ந்து போயிருந்தது.

ஸ்கூட்டரில் ஏறி, விழாமலிருக்கத் தங்கையின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் தங்கைதான் ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு நல்லாப் பாடுறாக்கா."

"ம்."

"ஸ்கேல இறக்கிட்டியா?"

"ஒயர் கழண்டுடுச்சு."

தங்கை ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்தாள். "அப்போ இவ்வளவு நாளா என் ஸ்கேல்லதான் அவளப் பாட வச்சியா? பாவம்க்கா."

"நீ வருவேன்னு..."

"தெரியும்க்கா."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. தங்கை வண்டியை அணைத்தாள். எஞ்சின் அடங்கிவிட்டது, ஆனால் அக்காவின் உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகில் மெல்லிய அதிர்வு நிற்கவில்லை. விட்டு விட்டு வந்தது. ஹெல்மெட்டில் மழை விழுகிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அழுகிறாளா பாடுகிறாளா என்று பிடிபடவில்லை. அக்கா கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். தங்கை இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.