மஞ்சளில் புரட்டிய மணல்

என் வீட்டுக்காரருடைய உள்ளங்கையில் புளியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், மஞ்சள் போகமாட்டேன் என்கிறது, கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்குங்க என்கிறேன், அப்ப நல்ல மாப்பிள்ளையா ஒருத்தனப் பாரு புள்ள என்கிறார், வாளியில் தண்ணீர் ஆடுகிறது, சாய்ந்த வெயில் லயத்து வரிசை வீடுகளின் தகரங்களில் கிடக்கிறது, அந்த நாளில் இதற்குப் பிறகு சாதாரணமானது எதுவும் இல்லை. ஈப்போவை அடுத்த கம்பாருக்குப் பக்கத்தில் ஈயம் தோண்டும் லம்பத்தில் மண் அலசுகிறவர்கள் நாங்கள், ஈயம் எடுத்தபின் மிஞ்சும் கனத்த மஞ்சள் மணலை அதுவரை யாரும் சீண்டியதில்லை, சப்பான்காரன் வந்ததும் அதைத்தான் மூட்டை கட்டிக் கப்பலேற்றச் சொன்னான். எங்களோடு மண் அலசிய சீனர் ஆ லோய், காட்டுக்குள் இருந்து அவனை எதிர்த்தவர்களின் ஆள், அவர்தான் சொன்னார், இந்த மண்ண வச்சு அவன் ஊர்ல ஒரு குண்டு செய்யப் பாக்கறான் அக்கா, ஒண்ணு போட்டா ஒரு ஊரே இருக்காது லா. அடுத்த வீட்டுப் பாவாயி சிரித்தாள், சோத்துல கெடக்கிற மண்ணு பல்லத்தான் ஒடைக்கும், ஊர எப்படி ஒடைக்கும். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, இரவெல்லாம் யோசித்தவர் கொல்லையிலிருந்த மஞ்சள் செடிகளைப் பிடுங்கச் சொன்னார், மூட்டையின் அடியில் கனத்துக்கு இரும்புக் கழிவு, மேலே மஞ்சளில் புரட்டிய ஆற்று மணல், அசல் மணல் லம்பம் தோண்டிவிட்ட பழைய குட்டையின் ஆழத்துக்கு, லயமே சேர்ந்து செய்தோம், பெண்கள் முகத்துக்கு வைத்திருந்த கிழங்கையும் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஆ லோய் வாசலில் மூச்சிரைக்க நிற்கிறார், ரயில் ஸ்டேஷன் கொட்டாய் ஒழுகிச்சு, சுண்ணாம்பு மூட்ட நனஞ்சு அந்தத் தண்ணி நம்ம மூட்டயில எறங்கிச்சு, மண்ணு பூரா செவப்பு, சப்பான்காரன் பாத்துட்டான். எத்தனை ஆரத்தி கரைத்த கைகள் எங்களுடையவை, ஒருத்திக்கும் தோன்றாமல் போயிற்று, வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், சப்பானுக்கே ஆரத்தி எடுத்துட்டோம் புள்ள என்கிறார். காட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும், இப்பவே, என்கிறார் ஆ லோய். நான் வீட்டுக்காரர் கையை விடவில்லை. லம்பத்துக் கொட்டாயில இன்னும் மாத்தாத மூட்ட கெடக்கு, விட்டா ஏத்திருவான், குட்டையில தள்ளிட்டுப் பின்னாலயே வர்றேன், நீ நட என்கிறார், ஈரக் கை நழுவிவிடுகிறது.

ஆ லோய்க்குப் பின்னால் நடக்கிறேன், மரங்கள் சொட்டுகின்றன, பின்னால் காலடி கேட்கிறது, திரும்பினால் யாருமில்லை, இப்போதும் ஈப்போவில் இந்த ஒற்றை அறையில் படுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், யாருமில்லை. கடைசி மூட்டை விழுந்து தண்ணீர் அடங்கியபோதுதான் லாரி வந்ததாம், அவரைக் கையைக் கட்டி ஏற்றினார்களாம், பாவாயி சொன்னாள், எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிறகு அந்தக் குண்டை வேறு யாரோ செய்தார்கள், சப்பான்காரன் ஊர்களிலேயே விழுந்தது, சண்டை முடிந்தது என்று லயம் ஆரவாரித்தது, நான் கதவைச் சாத்திக்கொண்டேன், அங்கேயும் ஒருத்தி யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டிருந்திருப்பாள். லயம் போய்விட்டது, லம்பமும் போய்விட்டது, ஈயம் விலை ஏறிய வருஷங்களில் சுற்றிலும் இருந்த குட்டைகளை எல்லாம் மறுபடி தோண்டினார்கள், எங்கள் பழைய குட்டையை மட்டும் ரொம்ப ஆழம் என்று விட்டுவிட்டார்கள். அவர் தள்ளிய மூட்டைகள் அடியிலேயே இருக்கின்றன.